கல் இல்லை என்று சொன்னவன்

என் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். நீ அறியாதது அல்ல. ஆயினும் வாக்குமூலம் பெயரில் தொடங்குவதே முறை. உனக்கு நான் செய்த தவற்றை எழுத்தில் வைப்பதே இம்மடலின் நோக்கம்.

நேற்று உன் மனைவி ஒரு துணிப்பையோடு வந்தார். "அண்ணே, அவரு ஆஸ்பத்திரி பேப்பருங்க. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது. எது வேணும், எது வேணாம்னு பாத்து சொல்லுங்க" என்றார். பையைத் திறந்ததும் மருந்து வாடை. அடியில் கிடந்தது, உன் பழைய வயிற்று ஸ்கேன் அறிக்கை.

ஆங்கிலப் பத்தியைப் படித்து விடையளிக்க என் வகுப்பில் நான் வகுத்த விதி உனக்குத் தெரியும். முதலில் வினாவைப் படி; விடை இருக்கும் வரியைக் கண்டுபிடித்து அடிக்கோடிடு; அடுத்த வினாவுக்குப் போ. வேலைத் தேர்வுகளில் நேரம் குறைவு. என் மாணவர்கள் தேறினார்கள். தமிழ்த்துறையிலிருந்து ஒருநாள் வந்து என் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்: "உன் பசங்க படிக்கலப்பா, தேடுறாங்க."

"மார்க் வருதா இல்லியா?"

"வருது, வருது. உனக்குத் திமிரும் ஜாஸ்தியாதான் வருது."

பிறகு உனக்கு இடுப்பு வலி வந்தது. நீ ஸ்கேன் அறிக்கையை வாங்கிய அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் இருவரும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். உறையை என்னிடம் நீட்டினாய்.

"நீயே பாத்து சொல்லு. என் இங்கிலீஷு பஸ் போர்டு வரைக்கும்தான்."

என்னிடம் ஒரே வினா இருந்தது: சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா? விரல் நேராக முடிவுரைக்குப் போயிற்று. விடை கிடைத்தது.

"கல்லு இல்லப்பா."

"அப்போ மறுபடி டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"எதுக்கு? வலிதான் நின்னுடுச்சே."

நீ நிம்மதியாக இன்னொரு டீ சொன்னாய்.

நேற்று அதே அறிக்கையை முதல் சொல்லிலிருந்து படித்தேன். நடுப்பகுதியில் இருக்கிறது: நுரையீரலின் அடியில் ஒரு சிறு கட்டி தெரிகிறது, மார்பு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும். என் முதலாண்டு மாணவர்களுக்கும் புரியக்கூடிய ஆங்கிலம். மாதங்கள் கழித்து நீ இருமத் தொடங்கியபோது, நோய் திடீரென்று வந்ததாகவே எல்லாரும் பேசிக்கொண்டோம். உன் தலைமாட்டில் நின்று நானும் அதையே சொன்னேன். அன்றே மருத்துவரிடம் காட்டியிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. இனி எந்தத் தாளைப் படித்தும் அதை நான் தெரிந்துகொள்ள முடியாது.

திங்கட்கிழமை முதல் என் வகுப்பில் வினாத்தாள் கடைசியில்தான் வரும். பத்தியை முழுவதும் படித்து, அதில் உள்ளதைச் சொந்தச் சொற்களில் சொன்ன பிறகே வினா. மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

உன் மனைவிக்கு இது தெரியாது. அந்தத் தாளை வேண்டாதவற்றோடு சேர்த்துவிடலாம்; அவர் கேட்கப்போவதில்லை. நேற்று மாலை முழுவதும் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது உன் வீட்டுக்குப் புறப்படுகிறேன். அந்த அறிக்கையை ஒரு வரியும் விடாமல் அவருக்குத் தமிழில் சொல்வேன். டீக்கடையில் நான் உனக்குச் சொன்னதையும் சொல்வேன். அதன்பின் அவர் என்ன சொன்னாலும், நின்று கேட்பேன்.