முல்லைக்குப் பதிலாகப் பேசியவர்

மாண்புமிகு பட்டிமன்றப் பேச்சாளர் அவர்களுக்கு,

என்னை வீட்டுக்கு அழைக்க உங்கள் அக்காவைச் சிதம்பரத்தில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள். தாய்மொழியின் பெருமையை ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் முழங்குகிறவருக்கு, மனைவியிடம் பேச ஆள் தேவைப்படுகிறது.

நம் ஏழு வயது முல்லைக்குப் பேச்சு திக்குவது உங்களுக்கு மானக்கேடு. கடலூர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அவளை உள்ளே அனுப்பிவிடுவீர்கள். யாராவது பேர் கேட்டால்கூட நீங்களே சொல்லிவிடுவீர்கள். போன வாரம் இங்கே ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனபோதும் அதுதான் நடந்தது. "ஸ்கூல்ல உன் ஃபிரெண்டு யாரு?" என்று அந்தப் பெண் முல்லையிடம் கேட்டார்.

"அவளுக்குச் சொல்ல வராது மேடம், என்னைக் கேளுங்க," என்றீர்கள். அந்தத் தோழியின் பேர் உங்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"பேசறது அவ உரிமை சார். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவர் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவுமில்லை. முல்லை திக்கித் திக்கிச் சொன்னாள்: "அ... அப்பா இருந்தா எனக்குப் பே... பேச்சு வராது."

நாங்கள் வெளியே வந்தபோது நீங்கள் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் உங்களோடு பஸ் ஏறாமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களை வரச் சொல்லலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். "வ... வரட்டும். நா... நான் சொல்றத முழுசா கேக்கச் சொல்லும்மா," என்றாள். உங்களைவிடப் பெரிய மனசு அவளுக்கு. வாருங்கள். கைதட்டலுக்கே பழகிய காதுகளுக்கு அவள் சொல்வதை முழுசாகக் கேட்க முடியும் என்று நான் நம்பவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்