பாஸ்காவுக்குப் பிறகும் ஒருசந்தி

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. பதறாதே, அப்பா பிழைத்துக்கொண்டார், இப்போது வாசலில் உட்கார்ந்து அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறார். போனிலேயே சொல்லியிருப்பேன், ஒற்றை அறை வீட்டில் அவர் காதில் விழாமல் எதைப் பேசுவது, அதனால்தான் பவித்ராவின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

தை மாதம் மில்லில் அப்பாவை நிறுத்தியது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த அடுப்படி எப்படி ஓடுகிறது என்று நான் உனக்குச் சொன்னதெல்லாம் பாதிதான். சோறும் இட்லியும் ரேஷன் அரிசியில்தான், தாளிப்பதெல்லாம் ரேஷன் பாமாயில், தேங்காய் வாங்குவதையே விட்டாயிற்று. பருப்புச் சாம்பார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், மற்ற நாளெல்லாம் புளி ரசம். வடிகஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்துக்கொள்கிறேன். மார்க்கெட்டுக்குக் கடை எடுத்துவைக்கிற நேரம் பார்த்துப் போனால் அடிபட்ட தக்காளியும் முற்றின வெண்டைக்காயும் கூறுகட்டித் தள்ளிவிடுவார்கள். ஒரு முட்டையில் வெங்காயத்தை நிறைய அரிந்து போட்டு மூன்று பேர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக்கக் கற்றுக்கொண்டேன். ப்ளஸ் டூ படிக்கிற உன் தங்கை பவித்ரா வளருகிற பிள்ளை, தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டாலாவது நாலு வார்த்தை திட்டி மனதை ஆற்றிக்கொள்ளலாம்.

இதற்கு நடுவில்தான் திருநீற்றுப் புதன் வந்தது. அப்பாவின் பக்தி உனக்குத் தெரியாததா, பெரிய வெள்ளிக்கிழமையே ஆராதனை முடியும் முன்னால் நழுவிப் போய் வடை தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிற ஆள். அவர் நெற்றியில் சாம்பலோடு வந்து, இந்த வருடம் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப் போகிறேன், மத்தியானம் ஒருவேளைச் சாப்பாடு போதும் என்றார். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். நாற்பது நாளும் முடிந்து பாஸ்காத் திருநாள் வந்தது, தெருவெல்லாம் கறிக்குழம்பு மணந்தது, அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. வேலை கிடைக்கிறவரை இருப்பதாக அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறேன் என்றார், அதையும் நம்பினேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, ராத்திரி அவர் பங்குச் சோறு மிஞ்சியது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது, தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் பவித்ராவுக்குக் கொடுத்தேன். அவருக்கு சுகர் இருப்பது தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அப்பா வெங்காய குடோனில் தினக்கூலிக்கு மூட்டை தூக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். கூட மூட்டை தூக்குகிற சடையாண்டி அண்ணன்தான் ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து கிடந்தார், என்னைப் பார்த்து யாரும்மா நீ என்று கேட்டார். இருபத்தைந்து வருடம் கூட இருந்தவளைக் கேட்டார். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் தெளிந்தார். டாக்டரம்மா என்னைத்தான் பிடித்து ஏசினார், "சுகர் மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட மூட்டை தூக்குனா ஆளு தங்குமாம்மா, இன்னுஞ் செத்த நேரம் விட்டிருந்தா அவ்வளவுதான்" என்று. நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேர்த்தி இருந்த மனுஷனை இப்படிச் செய்துவிட்டாரே அந்தோணியார் என்று நான் அழுதபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஏது நேர்த்தி ரோசலினு, பசிக்கலன்னு சொன்னா நீ நம்ப மாட்ட, ஒருசந்தின்னு சொன்னா கேள்வி கேக்க மாட்ட" என்றார். மூன்றரை மாதம் என் பக்தியை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறார்.

இப்போது வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன். மூன்று தட்டையும் ஒன்றாகத்தான் வைப்பேன், அவர் முதல் வாய் எடுத்த பிறகுதான் நாங்கள் கை வைப்போம், குறைந்தால் மூன்று பேருக்கும் குறையட்டும். திங்கட்கிழமை முதல் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போகிறேன், மத்தியானச் சாப்பாடு அங்கேயே. இதைக் கேட்டு நீ அங்கே உட்கார்ந்து அழ வேண்டாம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். புனேயில் உன்னோடு அறையில் இருக்கிற நர்கீஸின் அம்மா ஷமா நேற்று இங்கே பேகம்பூரிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தாள். போகும்போது என்னைத் தெருவுக்குக் கூப்பிட்டு, "அக்கா, ஒங்க மக ராத்திரி சாப்புடுறதே இல்லையாம், கேட்டா ஒருசந்திங்கிறாளாம். நாங்களும் நோன்பு வைக்கிறவகதான், பொழுது சாஞ்சா வயிறு நெறையத் தின்னுருவோம். ஒங்க பாஸ்கா முடிஞ்சு இம்புட்டு நாளாச்சு, இது என்னக்கா முடியாத நோன்பு" என்று கேட்டாள். போன மாதம் கூடுதலாக அனுப்பிய பணத்தை நைட் டியூட்டிக் காசு என்று சொன்னாயே பிரிஸ்கி, அதில் நான் சந்தோஷமாக முட்டை வாங்கினேனே, பாவி. அப்பனும் மகளும் ஒரே பொய்யைச் சொல்ல, இரண்டையும் நம்பியவள் நான். அடுத்த மாதம் பாதிப் பணம் அனுப்பினால் போதும். நாங்கள் இங்கே மூன்று பேர், ஒருவர் விழுந்தால் ஒருவர் தூக்குவோம். புனேயில் நீ விழுந்தால் எனக்குத் தகவல் வந்துசேரவே ஒரு நாள் ஆகும்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். அப்பாவிடம் உன் விஷயத்தைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, தாங்க மாட்டார். கடிதம் கிடைத்த அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு போன் செய். சாப்பிட்டேன் என்று நீ சொல்ல வேண்டாம், போனை நர்கீஸ் கையில் கொடு.

உன் அம்மா
ரோசலின்
திண்டுக்கல்