மூன்றாம் இடம்

மேக்கன், ஜார்ஜியா
அக்டோபர் 8, 1994

கார்லிஸ் சித்திக்கு,

வணக்கத்தில் நேரத்தை வீணாக்காமல் வம்புக்கே வருகிறேன். இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். எங்கள் வீட்டுத் தொலைபேசி சமையலறையில் இருக்கிறது. அம்மாவின் காதும் அங்கேதான் குடியிருக்கிறது.

நீங்களும் அவளும் கல்லூரியில் ஒரே நாளில் மாணவிகளின் சகோதரிச் சங்கத்தில் சேர்ந்தவர்கள். உயர வரிசையில் நிற்கவைத்தார்களாம்; அவள் மூன்று, நீங்கள் நாலு. அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "நாலுக்கு நாலும் தெரியும்டீ" என்று அம்மா பெருமையடிப்பாள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு?

சனிக்கிழமை வேலை உங்களுக்குத் தெரியும். தேவாலயத்தின் கீழறையில் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் கூடி, வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவார்கள். பிறகு கார்களில் போய், ஒவ்வொரு வாசலிலும் சங்கப் பாட்டு பாடிக் கொடுப்பார்கள். எடுபிடி நான். லூதர் கேட்ஸ் தாத்தா கீரையைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்ததால், சோள ரொட்டிக்கு அடியில் கீரையை ஒளித்து, "உங்களுக்குத்தான் என்னைப் பிடிக்காது, எனக்கு உங்களைப் பிடிக்கும். இப்படிக்கு, கீரை" என்று சீட்டு வைத்தேன். மறுவாரம் காலிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "அந்தக் கீரைகிட்ட சொல்லு, உப்பு பத்தல" என்றார். கார் அதிரச் சிரிக்கவேண்டிய அம்மா ஸ்டியரிங்கில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் பெட்டியே தூக்குவதில்லை. பாவாடையை ஊக்கு குத்திக் கட்டுகிறாள். கேட்டால் டயட்டாம். வெண்ணெயை ரொட்டியில் தடவாமல் ரொட்டியை வெண்ணெயில் தடவுகிறவளுக்கு டயட்.

உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் தலைவலி,
டெஸ்


க்ளீவ்லாந்து, ஒஹாயோ
அக்டோபர் 17, 1994

என் செல்ல வாலே,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே நின்றபடி படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தலைமை நர்ஸே இப்படிச் சிரித்தால் என்ன ஆவது என்று டாக்டர் முறைத்தார். கீரையின் கையெழுத்து நன்றாக இருந்ததா?

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு வயது ஏறுகிறது, களைப்பு இருக்கும். பெட்டிகளை நீயே தூக்கு. கார் சாவியைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பழகு. சாயங்காலம் அவளோடு உட்கார். குறும்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். குறைக்காதே. அவள் சிரிக்கட்டும்.

அதிகம் கேட்காதே, கண்ணு.

அன்புடன்,
கார்லிஸ் சித்தி


மேக்கன்
நவம்பர் 6, 1994

கார்லிஸ் சித்தி,

நீங்கள் சிரிக்கவைக்கச் சொன்னீர்கள். நான் செய்ததைக் கேளுங்கள்.

நேற்று அம்மா ஃப்ளூ என்று வீட்டிலேயே படுத்துவிட்டாள். நான் மட்டும் கீழறைக்குப் போனேன். ஒரு பெட்டியில் எங்கள் வீட்டு விலாசத்தை ஒட்டி, அம்மா பெயரில் "வெர்லீன் ப்ரூயிட், வீட்டைவிட்டு நகர முடியாதவர்" என்று எழுதி மற்றவற்றோடு சேர்த்துவிட்டேன். சங்கத்து ஹாட்டி ஸ்பிவி அம்மையார் வாசலில் நின்று பாட, அம்மா கதவைத் திறந்து முழிக்க, நான் காருக்குள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். அதுதான் திட்டம்.

பாட்டு முதல் அடி முடிந்தும் கதவு திறக்கவில்லை. இரண்டாம் அடி பாடும்போது, உள்ளே தரையை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. என் சாவியால் திறந்தோம். நடையில் கிடந்தாள். எழுந்திருக்க முடியாமல் எவ்வளவு நேரம் கிடந்தாளோ. முகமெல்லாம் மஞ்சள். கூட வந்த மூன்று சங்கச் சகோதரிகளும் கையில் பெட்டியோடு அப்படியே நின்றார்கள். அம்மா அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா ஊர்க் கதவையெல்லாம் தட்டினவடீ நான். என் கதவை ஏன் தட்ட வச்ச?"

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்லீரல். இனி செய்ய ஒன்றுமில்லை. ஜூன் மாதமே தெரியுமாம் அவளுக்கு. சங்க மாநாடு என்று க்ளீவ்லாந்து வந்தாளே, அங்கே மாநாடே நடக்கவில்லையாம். உங்கள் டாக்டரிடம்தான் வந்திருக்கிறாள். ஆக, நாலுக்கு நாலும் தெரியும். உங்கள் விளையாட்டுக்கு முன்னால் என்னுடையதெல்லாம் தூசு சித்தி.

சண்டை பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது புறப்பட்டு வாருங்கள்.

டெஸ்


க்ளீவ்லாந்து
நவம்பர் 14, 1994

டெஸ், என் கண்ணே,

இதை எழுதக் கை கூசுகிறது.

ஜூனில் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும், கார் நிறுத்துமிடத்திலேயே உன் அம்மா தன் சங்க முத்திரை ஊசியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். எங்களுக்குள் அது வாக்கு. அப்படி வாங்கிய வாக்கை உயிரோடிருக்கும்வரை மீறக்கூடாது. யாரிடமும் சொல்லக்கூடாது, உன்னிடம் முக்கியமாக. இன்னொன்றும் கேட்டாள். "நீ வந்து என்னைப் பார்த்துக்க ஆரம்பிச்சா நான் நோயாளி ஆயிடுவேன், நாலு. வெள்ளை உடுத்துற நாளைக்கு வா. அதுக்கு முன்னாடி வராத."

எங்களில் ஒருத்தி போனால் மற்றவர்கள் வெள்ளை உடுத்தி, பழைய வரிசையில், அவள் இடத்தைக் காலியாக விட்டு நிற்போம். அந்த நாளைத்தான் சொன்னாள்.

நான் தினமும் பிறத்தியாரின் நோய்க்குப் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி இல்லை. அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மீற முடியவில்லை. என்னைத் திட்டு, ஆனால் எழுதுவதை நிறுத்தாதே.

கார்லிஸ்


மேக்கன்
நவம்பர் 25, 1994

சித்தி,

நேற்று நன்றிநாள். ஸ்பிவி அம்மையார் வான்கோழி கொண்டுவந்தார், பாடாமல். அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். இப்போதெல்லாம் யார் கதவைத் தட்டினாலும் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள். நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள், "நாலு வந்தாச்சா?"

விழித்தபின் சொன்னேன், சித்தியைக் கூப்பிடட்டுமா என்று. "வாக்கு குடுத்திருக்கா. மீறமாட்டா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் கதவைப் பார்த்தாள்.

வாக்கை வாங்கியவளுக்கே அது வேண்டியிருக்கவில்லை. திருப்பிக் கேட்க வெட்கம், அவ்வளவுதான். உங்களுக்கு அவளைத் தெரியாதா?

சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். வெள்ளை எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. இந்த ஒரு முறை நான் விளையாடவில்லை.

டெஸ்


மேக்கன்
டிசம்பர் 18, 1994

கார்லிஸ் சித்திக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நீங்களே வந்தீர்கள், வெள்ளையில், கஞ்சி மொடமொடக்க.

அம்மாவின் அடக்கத்தன்று நான் செய்தது குறும்பு என்று ஸ்பிவி அம்மையார் எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்திருக்கிறார். இல்லை. நீங்கள் வரிசையாக வந்து நின்றீர்கள். ஒன்று, இரண்டு, பிறகு ஓர் இடைவெளி, அதற்கப்புறம் நீங்கள். அந்த இடைவெளியைப் பார்த்தபோது, நடையில் அவள் கிடந்த இடம்தான் ஞாபகம் வந்தது. காலியாக விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பது உங்களுக்கெல்லாம் எவ்வளவு நன்றாக வருகிறது என்று தோன்றியது. எழுந்து வந்து அதில் நின்றேன். சனிக்கிழமை கட்டும் ஏப்ரன், அம்மாவுடையது, முன்னால் குழம்புக் கறை.

சங்கத்தில் இல்லாதவர் வரிசையில் நிற்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் வெளியே அழைத்துப்போக வேண்டுமாம். ஸ்பிவி அம்மையார் இருமினார். ஒன்றாம் நம்பர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். அழைத்துப்போகத்தான் என்று நினைத்தேன். பிடித்தபடியே நின்றீர்கள். பாட்டு முடியும்வரை விடவில்லை.

வழக்கத்தை மீற உங்களாலும் முடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அன்று உங்களோடு பேசவில்லை. முடியாதவர் என்றே நினைத்திருந்தால் மன்னித்திருப்பேன்.

கடைசி நாள்வரை அவள் கதவைப் பார்த்தாள் சித்தி. இதை உங்களிடம் மறைக்கலாம் என்று ஸ்பிவி அம்மையார் சொன்னார். மறைத்தது போதும்.

இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன். நேற்று பெட்டி கட்டினேன். கேட்ஸ் தாத்தா வாசலில் எனக்குப் பாட்டு வரவில்லை. அவர் பெட்டியை வாங்கித் திறந்து, கீரையை எடுத்து என் எதிரிலேயே நின்று தின்றார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது, அது போதவில்லை. வருவதென்றால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். கூப்பிடமாட்டேன், வாக்கும் கேட்கமாட்டேன். கீழறைக் கதவு திறந்தே இருக்கும், தட்டவேண்டியதில்லை.

வெள்ளை வேண்டாம். கறை படும்.

டெஸ்