யாருக்கு வைத்த கிச்சன் டீ?

மில்லபார்,
4 பிப்ரவரி 1962

என் அன்பு லோர்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். வெயில்தான் ஆளைப் பொசுக்குகிறது. நீ இரவு டியூட்டி முடிந்து வந்து வெறும் டீயும் பிஸ்கட்டும் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாயாம், நெவில் சொன்னான். மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் போடுகிற சாப்பாட்டில் ஒரு தட்டு உனக்கும் கொடுக்கக் கூடாதா? கல்யாண கவுன் தைக்கிறவள் ஏற்கெனவே இரண்டு தரம் இடுப்பைப் பிடித்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கிச்சன் டீயை மார்ச் 17, சனிக்கிழமை மத்தியானம் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். வழக்கம்போல ஆளுக்கு ஒரு தட்டுப் பலகாரம், கல்யாணப் பெண்ணுக்கு ஆளுக்கு ஒரு சமையலறைச் சாமான். ஊர் ஹாலில் தரையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் உன் வருங்கால மாமனார் மிஸ்டர் டெனிங், தன் பால்பண்ணை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் நெவிலும் அங்கேதானே இருக்கப்போகிறீர்கள்? வருகிற சாமானை அப்படியே அலமாரியில் அடுக்கிவிடலாம். ஜன்னல் பக்கத்து இரண்டாவது இழுப்பறையில் மட்டும் கனமாக எதையும் வைக்காதே. பாதியில் சிக்கிக்கொள்ளும். முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் வழிக்கு வரும்.

அழைப்பிதழில் சமையலறை நிறம் போடாவிட்டால் ஆளுக்கொரு வண்ணத்தில் டப்பா வந்து சேரும். நீலமும் வெள்ளையும் என்று போட்டுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா


மெல்போர்ன்,
9 பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். நெவில் வாயைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று உன் மேஜையில் உட்கார்ந்து, என் சமையலறைக்கு மஞ்சள் நிறம் என்று சொன்னேன். நீயும் தலையாட்டினாய். இப்போது நீலம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. போன சனிக்கிழமை ஊர் ஹாலில் டான்ஸ் நடந்ததாம், ரோவினா எழுதியிருக்கிறாள். விடிய விடிய ஆடினார்களாம். பெயர்த்துப் போட்ட தரையில் எப்படி அம்மா ஆடினார்கள்?

அந்த இழுப்பறை வேறு உறுத்துகிறது. மூன்று வருஷமாக நான் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன், விருந்தாளி என்று முன்னறையோடு அனுப்பிவிடுவார்கள், எனக்கு அப்படி ஓர் இழுப்பறை இருப்பதே தெரியாது. உனக்கு அதை முழங்காலால் இடிக்கிற பக்குவம்வரை தெரிந்திருக்கிறது.

போனில் கேட்டிருப்பேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் போடுகிற மிஸஸ் ட்ரெவிட் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அதனால்தான் எழுதுகிறேன். என்னிடம் எதையோ மறைக்கிறாய். என்ன அது?

உன்
லோர்னா


மில்லபார்,
14 பிப்ரவரி

என் அன்பு லோர்னாவுக்கு,

உன்னை நர்ஸ் வேலைக்கு அனுப்பினேனா, போலீஸ் வேலைக்கு அனுப்பினேனா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

ஹாலில் ஒரு மூலையில் மட்டும்தான் தரை பெயர்ந்திருக்கிறது. ஆடுகிறவர்கள் சுற்றிக்கொண்டு ஆடலாம், வயசானவர்கள் தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? இழுப்பறை விஷயம், செத்துப்போன மிஸஸ் டெனிங் என்னிடம் அந்தக் காலத்தில் புலம்பியது. மஞ்சளுக்கு ஈ மொய்க்கும். நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆல்ஃபும் அதைத்தான் சொல்கிறார். போதுமா விசாரணை?

இங்கே எனக்குத் தலைக்கு மேல் வேலை. கறி மசாலா போட்ட முட்டை சாண்ட்விச்சை இரண்டு பேர் செய்கிறேன் என்கிறார்கள், ஸ்பாஞ்ச் கேக் செய்ய ஆள் இல்லை. கிழவி மிஸஸ் பாஸ்கோ, கடையில் விற்கிற பழ, காய்கறி டப்பாக்களில் லேபிளை ஊறவைத்து உரித்துவிட்டு ஒரு டஜன் கொண்டுவரப்போகிறாளாம். நீ பீச் பழம் என்று திறந்தால் பீட்ரூட் வரும், நெவில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சிரிக்கிறாள். வயது எண்பதைத் தாண்டியும் குறும்பு போகவில்லை.

அன்புடன்,
அம்மா


மெல்போர்ன்,
20 பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

மிஸஸ் டெனிங் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த இழுப்பறைகளை நெவிலும் அவன் அப்பாவும் போன குளிர்காலத்தில்தான் புதிதாகச் செய்து மாட்டினார்கள். செத்தவள் எப்படி அம்மா அதைப் பற்றிப் புலம்புவாள்?

முந்தின கடிதத்தில் அவர் மிஸ்டர் டெனிங். இந்தக் கடிதத்தில் ஆல்ஃப். பத்தே நாளில் இவ்வளவு நெருக்கமா?

ஞாயிற்றுக்கிழமை நெவில் என்னைப் பார்க்க வந்தான். எங்கள் ஹாஸ்டல் வாசலில் நிற்க வைத்துக் கேட்டேன்.

"எங்கம்மா உங்க வீட்டுக்கு அடிக்கடி வர்றாங்களா?"

"அதை உங்கம்மாகிட்டயே கேளு லோர். ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல என்னை மாட்டிவிடாத."

"ரெண்டு பெரியவங்களா? ஒண்ணு எங்கம்மா. இன்னொண்ணு யாரு?"

"ஐயையோ, டிராம் வந்திருச்சு," என்று சொல்லிவிட்டு ஓடினான். அந்தத் தெருவில் டிராமே கிடையாது.

அம்மா, எதற்குப் பயப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நெஞ்சுவலியை நீ என்னிடம் இப்படித்தான் மழுப்பினாய். "வெறும் வாயு," என்றாய். அது மாரடைப்பு என்று எனக்குச் சொன்னது மிஸஸ் ட்ரெவிட். எக்ஸ்சேஞ்சிலிருந்து, ஊரெல்லாம் தெரிந்த பிறகு. நான் வந்து சேர்வதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றாலும் சரி, வீட்டை விற்கிறாய் என்றாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, இந்தத் தரம் எனக்கு முதலில் சொல். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

உன்
லோர்னா


மில்லபார்,
25 பிப்ரவரி

அன்பு லோர்னா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டை யாருக்கும் விற்கவில்லை. இருபத்துநாலு வருஷம் உன்னை வளர்த்தவளுக்கு நீ வைக்கிற பரீட்சைக்கெல்லாம் உட்கார நேரம் இல்லை.

பதினேழாம் தேதி காலை ரயிலில் வா. நல்ல பாவாடை போட்டுக்கொள். கண்ணைக் கட்டிவிட்டு, கையில் கொடுக்கிற சாமான் என்னவென்று கேட்பார்கள். முட்டை அடிக்கிற கருவியைத் துருவி என்று சொல்லி என் மானத்தை வாங்காதே.

அம்மா


மெல்போர்ன்,
19 மார்ச்

அம்மாவுக்கு,

ரயிலடியில் உன்னிடம் பேசாமல் ஏறிவிட்டேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன், மிஸஸ் ட்ரெவிட் வேறு பக்கத்தில் நின்றாள். இப்போது எழுதுகிறேன்.

விளையாட்டு முடிந்து கண்கட்டை அவிழ்த்ததும் மிஸஸ் பாஸ்கோ தடியை ஊன்றிக்கொண்டு என் முன்னால் வந்தாள். மடியில் இரண்டு பொட்டலம் வைத்தாள்.

"இது உனக்குடி கண்ணு. இது உங்கம்மாவுக்கு."

"எங்கம்மாவுக்கு எதுக்குப் பாட்டி?"

"பின்ன? ரெண்டாந்தரம் கட்டிக்கிறவளுக்கு யாரு கிச்சன் டீ வைக்கப்போறா? பாவம், அவளும் இந்த அடுப்புலதான வேகணும்!"

அப்போது அந்த அறையைப் பார்த்தாயா நீ? நான் பார்த்தேன். இருபது பெண்கள் ஒரே நேரத்தில் சாண்ட்விச்சை உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் ஆச்சரியம் இல்லை. என் சிநேகிதி ரோவினாகூட ஜன்னலுக்கு வெளியே பசுவைத் தேடினாள். நீ டீப்பாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, மீதிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "ஆஹா, எவ்வளவு அழகு," என்று சொன்னேன். நீல டப்பா, நீலக் கிண்ணம், நீலக் கரை போட்ட துண்டு. சுவரும் நீலம்.

அந்த அழைப்பிதழில் என் பெயரைப் போட்டு யாருக்கு அம்மா கிச்சன் டீ வைத்தாய்? இது உன் சமையலறை என்று ஊருக்கே சொல்லிவிட்டு, அதன் நடுவில் என்னைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்திருக்கிறாய். இந்த விளையாட்டில் எனக்கு மட்டும்தான் விடை தெரியாது.

லோர்னா


மில்லபார்,
23 மார்ச்

என் கண்ணே லோர்னா,

உன் கடிதத்தை இரண்டு நாளாக ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இனி மழுப்பவில்லை. போன குளிர்காலத்தில், ஜூலையில், நெவில் உன்னைப் பார்க்க மெல்போர்ன் வந்த ஒரு வாரம், ஆல்ஃப் தனியாகச் சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கேக் கொடுக்கப் போனேன். ஏணியில் நிற்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "இறங்குங்க, கழுத்தை முறிச்சுக்கப் போறீங்க," என்று பிரஷ்ஷைப் பிடுங்கினேன். நீலம் நான் எடுத்த நிறம்தான். அப்போது உன் மஞ்சள் எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸில் நீ சொன்னபோது வர்ணம் காய்ந்து பல மாதம் ஆகிவிட்டது. சுவர் ஏற்கெனவே நீலம் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாயே என்றுதான் தலையை ஆட்டிவைத்தேன். அந்த ஒரு வாரம் பேசிக்கொண்டே வேலை செய்தோம். உன் அப்பா போன பிறகு நான் சிரித்த முதல் வாரம் அது. பிறகு வியாழக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன்.

ஊருக்கு நான் சொல்லவில்லை. என் சைக்கிள் அவர் வேலியில் சாய்ந்திருந்ததை ஊரே பார்த்தது. உன்னிடம் சொல்லத்தான் பயந்தேன். உன் அப்பாவின் செல்லம் நீ. அவர் நாற்காலியில்கூட யாரையும் உட்கார விடமாட்டாய். உன் கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் கிச்சன் டீயைத் திருட நினைக்கவில்லை, அதை மட்டும் நம்பு.

கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்று ஆல்ஃபிடம் நேற்று சொல்லிவிட்டேன். அந்தச் சமையலறை உன்னுடையது. சுவரை மஞ்சளாக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

உன்
அம்மா


மெல்போர்ன்,
28 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையிலேயே முடியாது என்று சொன்னாயா, என்னிடம் எழுதுவதற்காகச் சொன்னாயா என்று சந்தேகம். நெவிலுக்குப் போன் போட்டேன். மிஸஸ் ட்ரெவிட் கேட்டால் கேட்கட்டும்.

"நெஜந்தான் லோர். அப்பா மாட்டுகிட்டகூடப் பேசறதில்ல. காலையில பாலை வடிகட்டாமயே கேன்ல ஊத்திட்டாரு."

ஆக, உண்மைதான். இந்தத் தியாகம் எல்லாம் உனக்குப் பொருந்தவில்லை, அம்மா. என்னைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை அழ வைக்காதே. பிற்காலத்தில் நீ பெருமூச்சு விடும்போதெல்லாம் அது என் கணக்கில் வந்து விழும். எனக்கு அது வேண்டாம்.

அப்பா நாற்காலி அவருடையதாகவே இருக்கட்டும். அவரைப் புதைத்த அன்று நீ எப்படி நின்றாய் என்று நான் பார்த்தவள். நீ சிரித்த வாரம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு டியூட்டி அறையில் அழுதேன். கோபத்தில் இல்லை.

நானும் நெவிலும் பேசி முடித்துவிட்டோம். வெண்ணெய்த் தொழிற்சாலைக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறோம். பால் கறக்க அவன் அங்கிருந்து போய்வருவான். நீயும் நானும் ஒரே அடுப்படியில் ஒரு வாரம் தாங்கமாட்டோம், உனக்கே தெரியும்.

நீ கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. கிழவி பாஸ்கோவுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாததுதான் வருத்தம். அது இன்னும் ஆறவில்லை, ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ என்ன முடிவு செய்தாலும் சரி. ஆனால் அது என்னவென்று இந்தத் தரம் வேறு யார் வாயிலிருந்தும் நான் கேட்கக் கூடாது.

உன்
லோர்னா


மில்லபார்,
3 ஏப்ரல், செவ்வாய்

என் அன்பு லோர்னாவுக்கு,

சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆல்ஃப் முன்னறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இன்னொரு தரம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

நான் சரி என்று சொல்லப்போகிறேன்.

இப்போதுதான் போய், "வெள்ளிக்கிழமை வாங்க, பதில் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"இன்னும் மூணு நாளா? எதுக்கு ஐரிஸ்?"

"மெல்போர்னுக்குத் தபால் போய்ச்சேர வியாழக்கிழமை ஆயிரும்."

"தபாலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார், பாவம். அவருக்குப் புரியவில்லை.

உன்
அம்மா