நசுக்கிய எழுத்து

செவ்வாய், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. வாஷியில் எழுத்து வடிவமைப்பு சொல்லித்தரும் டைப்போகிராபி வகுப்பில் சேர்ந்த முதல் நாளே சார் சொன்னார், எழுத்தை இழுத்து நசுக்கக் கூடாது என்று. ஈயத்தில் எழுத்து வார்த்த காலத்தில் அதை நசுக்கவே முடியாதாம். கம்ப்யூட்டர் வந்துதான் எல்லோருடைய கையையும் கெடுத்துவிட்டதாம். நான் அதை நம்பினேன்.

இன்று ஆஸ்பத்திரிக்கு மூன்று மொழியில் ஒரு பலகை செய்யச் சொன்னார். 'மருந்து வாங்கும் இடம்' என்ற தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளமாக வந்தது. சார் என் மவுஸை வாங்கி, வரியின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளி, ஆங்கிலத்தின் அகலத்துக்குள் அடைத்தார்.

"நீங்கதானே நசுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்று இந்தியில் கேட்டேன்.

"இதர் தமிழ் கோன் படேகா?" என்று சிரித்தார். இங்கே தமிழை யார் படிப்பார்களாம்.

"மேரா பாப் படேகா" என்றேன், என் அப்பா படிப்பார் என்று. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

தாராவிக்கு வந்ததும் அந்தப் பிரிண்டை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னட்டி இது, காலைல லோக்கல் ரயில்ல நிக்குத மாதிரில்லா எழுத்தெல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்குது."

அந்த வரியை இரண்டாகப் பிரித்து, தமிழை அதன் அகலத்திலேயே விட்டுவிட்டேன். மார்க் போனால் போகட்டும். நாளை சாரின் பெயரை ஆங்கிலத்தில் இதே அளவுக்கு நசுக்கி, பிரிண்ட் எடுத்து அவர் மேஜைமேல் வைக்கப்போகிறேன்.

அதை யார் படிப்பார்கள் என்று நான் கேட்க மாட்டேன். அவரே படிக்கட்டும்.