நீ மிதிக்க, நான் காலைத் தூக்கிக்கொண்ட சைக்கிள்

மச்சான்,

நேற்று காலை மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்த பெரியவர் முட்டிக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வாடை மூக்கில் ஏறியதும் கேனை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னப்பா, மூச்சு வாங்குதா?" என்றார்.

"இல்ல சார். எங்க மச்சான் வாடை வருது."

அவருக்கு என்ன புரிந்திருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகையும் சந்தனமும் செத்தவர்களை நினைவுபடுத்துமாம். எனக்கு வாய்த்தது தொடையில் தேய்க்கிற தைலம். அந்தச் சைக்கிள் பயணத்துக்கு நீ தயாரான மாதங்களில் நம் வீட்டுத் தலையணை வரைக்கும் அதே வாடைதான். சாம்பாரில்கூட அடிக்கிறது என்று நான் சொல்வேன். "அது உன் கைப்பக்குவம் மாமா, நீதான இன்னிக்கு வச்ச" என்பாய்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் உன் அக்கா திருத்துவாள். என்னைத் திருத்துவதைத்தான் அவள் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

கடலூரில் ஆபீசில் போன் எடுக்கிற வேலை கிடைத்து, சிதம்பரத்திலிருந்து ஒரு பையோடும் ஒரு கோலோடும் நீ எங்கள் வண்டிப்பாளையம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, உன்னைக் கொண்டுபோய் விடுவது என் வேலையாயிற்று. இருபது வருஷம். பின்னால் கேரியரில் நீ, முன்னால் மிதிக்கிற நான். பிற்பாடு நான் லோடு வண்டி வாங்கிய பிறகும், "அதுல காத்து வராது மாமா" என்று சைக்கிளையே கேட்டாய். சின்ன வயதில் காய்ச்சலில் போன கண் உனக்கு. அதனால் வழியில் இருப்பதை நான் சொல்ல வேண்டும். நான் இருப்பதை எங்கே சொன்னேன்.

கெடிலம் பாலத்தில் ஏறியதும் கேட்பாய். "ஆத்துல என்ன மாமா?"

"ஆனை குளிக்குது."

"எத்தினி?"

"ரெண்டு. ஒண்ணு உன்னப் பாத்துத் தும்பிக்கைய ஆட்டுது."

"என்ன சோப்பு போடுது?"

ஆற்றில் முழங்கால் தண்ணீர் இருக்காது. உனக்கும் அது தெரியும். ஆபீசுக்குப் போய், "இன்னிக்கு ரெண்டு ஆனை" என்று சொல்லிவிட்டுத்தான் போனையே எடுப்பாயாம்.

அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாய். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிளில் வருகிறார்களாம். கால் இல்லாதவர்களுக்குச் செயற்கைக் காலும், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் வாங்கித் தர நிதி திரட்டுகிறார்களாம். சென்னைக்கு வந்ததும், அங்கிருந்து கடைசி எட்டு நாளுக்குக் கண் தெரியாத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்களாம். நீ பேரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாய்.

"ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் மாமா. பின்னாடி நான். முன்னாடி கேப்டன்னு ஒருத்தர் வேணும். உன் பேரத்தான் சொல்லியிருக்கேன்."

மறுநாள் நான் கேன் போட்ட வீட்டில் எல்லாம் கன்னியாகுமரிக்குப் போகிற செய்தியையும் சேர்த்துப் போட்டேன். ஒரு வீட்டில் இரண்டு தரம் போட்டேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில்தான் பயிற்சி. பயணத்தை நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு மேடம் வந்து முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள். முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பள்ளம், மேடு, திருப்பம், பிரேக், எல்லாம். இரண்டு பெடலும் ஒரே சங்கிலியில் சேர்ந்து சுற்றுகிறது, அதனால் ஒருவர் சும்மா இருந்தால் அந்தப் பாரமும் மற்றவர் காலுக்குப் போகும். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

இரண்டு ஞாயிறு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது ஞாயிறு பஜ்ஜிக் கடைகளில் நல்ல கூட்டம். தெரிந்த முகங்கள் நாலைந்து. எனக்குள் இருக்கிற கோமாளி சும்மா இருப்பானா. இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றில் நீட்டினேன். பெடல் தானாகச் சுற்றுகிறது, பின்னால் நீ ஒருத்தன் மிதிக்கிறாய், நான் எம்எல்ஏ மாதிரி கை காட்டிக்கொண்டு போகிறேன். கடைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். நீ சாலை முடிகிற வரைக்கும் மிதித்தாய். இறங்கினாய். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. மேடம் குரல் வந்த பக்கம் திரும்பினாய்.

"மேடம், மாமா வேணாம். வேற ஆளு குடுங்க."

திரும்பி வரும்போது என் பழைய சைக்கிளில், பழையபடி கேரியரில் உட்கார்ந்திருந்தாய்.

"வெளையாட்டுக்குச் செஞ்சண்டா."

"தெரியும்."

"பாரமா இருந்துச்சா?"

"பாரம் கெடக்குது மாமா. நீ கால எடுத்தது அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியல." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாய். "ஆனை குளிக்குதுன்னு நீ சொன்னா, அது நம்ம ரெண்டு பேத்துக்கு. இது ஊருக்கு."

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளில் நீயே கூப்பிடுவாய், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீ கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு சேலத்திலிருந்து உன் புதுக் கேப்டன் வந்து இறங்கினார்.

பேங்கில் வேலை. ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். முட்டி வரைக்கும் இறுக்கிப் பிடித்த கால்சட்டை. அந்த ஆளிடம் நான் ஒரு குறையைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதுதான் பெரிய குறையாக இருந்தது. "இடது, பள்ளம். பத்தடி. இப்போ." அவ்வளவுதான் பேச்சு. ரயில்வே ஸ்டேஷன் மைக் என்று பேர் வைத்தேன். வீட்டில் உன் அக்காவே சிரிக்கவில்லை.

நீயோ வீட்டுக்கு வந்தால் கேப்டன் புராணம். "வெயில்ல போறப்ப வாழப்பழம் சாப்புடணுமாம் மாமா, கேப்டன் சொன்னாரு." இருபது வருஷமாகச் சாயங்காலம் உனக்கு வாழைப்பழம் வாங்கி வந்தவன் யார் என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் தோலை மட்டும் கொஞ்சம் வேகமாக உரித்தேன்.

உன் அக்கா பார்த்துவிட்டாள். "வயிறு எரியுதா? மோர் இருக்கு, குடிங்க."

அந்த நாளும் வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து கடலூர் வந்து, அன்றைக்கே சிதம்பரம் போகிறார்கள். தண்ணீர் நான் தருகிறேன் என்று மேடத்திடம் சொல்லியிருந்தேன். புண்ணியத்துக்கு என்று சொன்னேன். வேவு பார்க்கத்தான். பழைய டவுன் ஓ.டி. தாண்டியதிலிருந்து உங்கள் சைக்கிளுக்குப் பின்னாலேயே லோடு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன்.

மச்சான், அன்றைக்குத்தான் உன் முதுகைப் பார்த்தேன். அத்தனை வருஷமும் நீ என் பின்னால் அல்லவா இருந்தாய். மிதிக்கும்போது நீ வலது பக்கம் கொஞ்சம் சாய்வாய் என்பதோ, மேடு வந்தால் காலரைக் கடிப்பது மாதிரி தலையைக் குனிவாய் என்பதோ எனக்குத் தெரியாது. அவருடைய தலையும் உன் தலையும் ஒன்றாகக் குனிந்தன, ஒன்றாக நிமிர்ந்தன. ஆலப்பாக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டின. நான் ஹாரன் அடித்தேன். கைதட்டலுக்குப் பதில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எரிச்சலில் அடித்தது.

முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் நிறுத்தினீர்கள். நான் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு அவரிடம் கேட்டாய். "ஆத்துல என்ன சார்?"

அவர் எட்டிப் பார்த்தார். "தண்ணி கம்மியா இருக்குங்க. ரெண்டு படகு கட்டியிருக்கு."

"ஓ" என்றாய்.

அந்த ஓ எனக்குக் கேட்டது. நாக்கு அரித்தது. அந்தப் பக்கத்து ஆற்றில் நிஜமாகவே முதலை உண்டு. ஒரு முதலைக்குக் கண்ணாடி மாட்டிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும். நீ என் பக்கம் முகத்தைத் திருப்பினாய். "மாமா, இங்கதான நிக்கிற?"

"தண்ணி கேன்காரன் நிக்கிறேன்" என்றேன்.

நீ சிரித்தாய். சிரித்துவிட்டுக் காத்திருந்தாய். நான் முதலையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

சிதம்பரத்தில் கீழ வீதியில் பந்தல். கோபுரத்துக்கு எதிரில் நாதஸ்வரம். நீ பிறந்த ஊர், நீ கோல் தட்டிப் பழகிய வீதி. மைக்கில் ஒருவர், "நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் கண்ணாக இருந்து கூட்டி வந்தவர்" என்று சொல்லி அந்தச் சேலத்துக்காரருக்குச் சால்வை போட்டார். கண்ணாக இருந்தவராம். சென்னையிலிருந்து மூன்று நாள் கூட இருந்தவர். நான் காலி கேன்களை ஒன்றோடொன்று மோதும்படி அடுக்கினேன்.

நீ கன்னியாகுமரி வரைக்கும் போனாய். மெடலோடு வந்தாய். அடுத்த திங்கட்கிழமை எதுவும் நடக்காத மாதிரி என் கேரியரில் வந்து உட்கார்ந்தாய். என் வயிற்றெரிச்சல் இறங்கவில்லை. பழிவாங்க ஒரு வழி கண்டுபிடித்தேன். உண்மையை மட்டும் பேசுவது.

"இடது, பள்ளம். வலது, மாடு. பாலம். ஆத்துல தண்ணி இல்ல."

ஒரு மாதம் இப்படியே. ஒருநாள் பாலத்தில் என் முதுகில் ஒரு குத்து விட்டாய். "யோவ் மாமா, எனக்கு ஒரு கேப்டன் போதும். ஆனை எங்க?"

"உன் கேப்டன்கிட்ட கேளு."

"சரி, நான் சொல்றேன் கேட்டுக்க. ஆத்துல மூணு ஆனை. ரெண்டு குளிக்குது. மூணாவது உன்ன மாதிரி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டுக் கரையில நிக்குது. சோப்பு குடுத்தாகூட வாங்க மாட்டேங்குது."

சிரித்ததில் ஹாண்டில் ஆடி, இரண்டு பேரும் பாலத்துச் சுவரில் சாய்ந்தோம். அதோடு சமாதானம். மன்னிப்பை மட்டும் நான் அப்போதும் கேட்கவில்லை. சிரித்தாகிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சேலத்திலிருந்து அவர் வந்தார். உன் அக்கா இலை போட்டாள், நான் தண்ணீர் வைத்தேன். அவர் சாப்பிடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் சொன்னார்.

"கடைசி நாள், காவல்கிணறு பக்கம்ணே. காத்தாடி சுத்துற எடம். எதிர்காத்து. எனக்கு ரெண்டு தொடையும் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. 'சார், கால எடுக்கிறேன், முடியல'ன்னு சொன்னேன். 'எடுங்க. சொல்லிட்டீங்கல்ல, எவ்ளோ தூரம்னாலும் இழுக்கிறேன்'னாரு. அவரு ஒருத்தரே மிதிச்சாரு. நான் முன்னாடி உக்காந்து அழுதுக்கிட்டே வழி சொன்னேன்."

"எவ்ளோ தூரம் இழுத்தான்?" என்று கேட்டேன்.

"மூணு கிலோமீட்டர் இருக்கும்ணே."

எங்கள் கடற்கரைச் சாலை மொத்தமே ஒரு கிலோமீட்டர் தேறாது. அதிலும் அவர் என்னை ஜெயித்துவிட்டார். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்காதது அதனால் இல்லை. நான் தூக்கியதும் கால்தான், அவர் எடுத்ததும் கால்தான். அவர் சொல்லிவிட்டு எடுத்தார். "மச்சான், கால எடுக்கிறேன்" என்று நானும் சொல்லியிருந்தால், பஜ்ஜிக் கடை என்ன, பரங்கிப்பேட்டை வரைக்கும் நீ என்னை இழுத்திருப்பாய். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே இழுத்திருப்பாய். கன்னியாகுமரிக்கும் நான்தான் முன்னால் உட்கார்ந்து போயிருப்பேன்.

அவர் இப்போதும் மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறார். நல்ல மனுஷன். இதை எழுதவே கை வரவில்லை, ஆனால் நல்ல மனுஷன். பேசி முடித்ததும் நான் கணக்குப் பார்க்காமல் இருந்ததில்லை. அவரிடம் உன்னுடைய எட்டு நாள் இருக்கிறது, என்னிடம் இருபது வருஷம். மாற்றிக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால் அடிக்கப் போவேன். ஆனாலும் அந்த மூன்று கிலோமீட்டரும் எனக்கு வேண்டும், மச்சான். அதை அவரிடம் விட்டுவைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.