எதனால் நின்றது

என் கேள்விக்காரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அண்ணன், அண்ணி மூவரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுத்தால் தூங்குகிறோம். அதற்குமேல் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு நீ விமானம் ஏறியதிலிருந்து என் போனை எடுப்பதில்லை. அண்ணனிடம் மட்டும், "அம்மா எப்படி அப்பா உடம்பைக் கீற விட்டாங்க?" என்று கேட்டாயாம். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க மாட்டாய்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வந்து, காரணம் உறுதியாகத் தெரியவில்லை, நீங்கள் சம்மதித்தால் உடலைத் திறந்து பார்க்கலாம், இல்லையென்றால் அப்படியே எடுத்துப் போகலாம் என்றார். பெரியப்பா உடனே, "போன உயிர் போயிடுச்சு, எதனாலன்னு தெரிஞ்சா திரும்பி வருமா?" என்றார். சவரம் செய்யும்போது அவர் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தாலே தாங்காதவள் நான். ஆனால் உன் அப்பா யார்? ஆயுசெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். நின்ற லிஃப்டை சுவிட்சை அணைத்துப் போட்டுக் கிளப்பிவிட்டு வருகிற ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "தானா சரியானதை நம்பாதே, எதனால நின்னுச்சுன்னு பாத்துட்டு வா" என்று வறுத்தெடுப்பார். வீட்டிலும் அதே கூத்துதானே. மிக்ஸி நின்றால் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, அப்பாவும் மகளும் மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டு பார்ப்பீர்கள், சமையல் பாதியில் கிடக்க நான் கத்துவேன். திரும்பப் பூட்டியதும் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும், "கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டுட்டான்" என்பார். அப்படிப்பட்ட மனுஷனை எதனால் நின்றது என்று தெரியாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முடிவு நீ போன பிறகுதான் வந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் ஊதி, சுவர் மெலிந்து, கிழிந்துவிட்டதாம். பழைய சைக்கிள் டியூப் புடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி என்றார் டாக்டர். முன்பே வலி ஏதும் இருந்ததா என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு முறை நெஞ்சையும் முதுகையும் பிடித்துக்கொண்டு, வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "வாயுதாண்டி, பாரு, தானா சரியாப் போயிடுச்சு" என்றார். எந்த லிஃப்டையும் அப்படி நம்பாதவர் இதை நம்பிவிட்டார். என்ன சொல்லி அழ?

டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். இது வம்சத்தில் வரக்கூடியதாம், பிள்ளைகள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று அண்ணன் வீம்பு பிடித்தான், அண்ணிதான் இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் அவனுக்கும் அதே இடத்தில் கொஞ்சம் ஊதியிருக்கிறது. பதறாதே. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விடாமல் பார்த்துக்கொண்டே வந்தால், மோசமாகும் முன்பே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். பெரியப்பாகூட யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அவருக்கு ஒன்றுமில்லை. உன்னிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், தூரத்தில் இருப்பவள் பயந்துபோவாள் என்கிறான் அண்ணன். எனக்கு மறைக்கத் தெரியாது. பல்பு ஏன் எரிகிறது, குழாய்த் தண்ணீர் மாடிக்கு எப்படி ஏறுகிறது என்று சின்ன வயதில் என் உயிரை வாங்கியவள் நீ. உன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கேட்காமல் இருந்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். மறக்காமல் இந்த வாரமே ஸ்கேன் எடு, அப்பாவுக்கு இருந்ததை அந்த டாக்டரிடம் சொல். முடிவை அண்ணனுக்கு அனுப்பினால் போதும், என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். தலை நரைக்கும்வரை என்மேல் கோபமாகவே இரு, கண்ணு. உனக்குத் தலை நரைத்தால் போதும் எனக்கு.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு அல்ல, உனக்காகவே காத்திருக்கும்
அம்மா